ஈச்சிலம்பற்றுக்கு இன்னும் மூன்று கிலோமீற்றர்

யாரிடமும் எதையும் வாய் திறந்து கேட்பது எனக்கு வராது. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் மணியடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிக்கும்வரை இருந்து, அடுத்த சந்தியில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். கடையில் மிச்சக் காசு தர மறந்தால் அவர்களுக்கே நினைவு வரட்டும் என்று நின்றிருக்கிறேன். (வராது. நான் பார்த்த அளவில் ஒருவருக்கும் வந்ததில்லை.) இந்தக் குணத்தால் நான் மட்டும் கஷ்டப்பட்டிருந்தால் எழுத வேண்டிய தேவையில்லை. ஒருமுறை என் மகளின் கல்யாணத்தையே நடுறோட்டில் நிறுத்தப் பார்த்தேன்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஐஸ் லொறி ஓடுகிறேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்குப் பிறகு பேசியதைவிட ஓடியது அதிகம். ஐஸ் கட்டிகள் கேள்வி கேட்பதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பொருந்திவிட்டது.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் போய் மாப்பிள்ளை கேட்க வேண்டும். பெண்ணின் அப்பா தன் வாயால் கேட்க வேண்டும். மகளுக்கு முதலில் ஒரு இடம் கட்டைபறிச்சானில் வந்தது. அங்கே மாப்பிள்ளையின் தாய் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் "ஓம்" என்றேன். அதில் ஒன்று, "ஏன் உங்கட மகளுக்கு இவ்வளவு நாளும் ஒண்டும் சரிவரேல்ல?" என்பது. இரண்டாவது இடத்தில் அந்த "ஓம்" கூட வரவில்லை. "தகப்பன் பெருமை பிடிச்ச மனிசன், எங்களோட கதைக்க மாட்டாராம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெருமைப்பட என்னிடம் என்ன இருக்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

மூன்றாவது இடம் ஈச்சிலம்பற்று. பையன் விவசாயத் திணைக்களத்தில் வேலை. இந்த முறை மகளே தாயிடம், "அம்மா, இந்த இடம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லியிருந்தாள். பிறந்து இருபத்தேழு வருடத்தில் அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டது அதுதான் முதல்தடவை. (அந்த விஷயத்தில் என்னைப் போல.)

அக்கா நாள் குறித்தா. புதன்கிழமை, பூரணைப் போயா விடுமுறை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்குகிறது. அதற்கு முதல் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். நான், மனைவி சுகந்தி, அக்கா என்று மூன்று பேர் நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது என்பதால் முழங்கால் நோவோடு படுத்திருந்த அத்தானும் எழுப்பப்பட்டார்.

லொறியில் போக இருந்தோம். கேள்விப்பட்ட முதலாளி விடவில்லை.

"மாப்பிள கேக்க ஐஸ் லொறியிலயா போவீங்க? மீன் மணக்கும் தம்பி. ஏண்ட காரக் கொண்டு போங்க."

"பெற்றோல்..." என்று தொடங்கினேன்.

"இது ஹைபிரிட் தம்பி. பெற்றோல மணந்து பாத்திட்டே ஓடும். பற்றரி தன்பாட்டுக்கு ஏறிக்கொள்ளும். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

நான் யோசிக்கவில்லை. அங்கேதான் பிழை விட்டேன்.

யப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த கார் அது. சாவியும் இல்லை, சத்தமும் இல்லை. பொத்தானை அமத்தியதும் ஒரு பெண்குரல் யப்பான் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னது.

"ஆரது கதைக்கிறது?" என்றா அக்கா.

"கார், அக்கா."

"என்ன சொல்லுது?"

"போயிற்று வரச் சொல்லுது."

அன்றைய முதல் பொய் அது. முன்னால் உள்ள திரையில் எழுத்தெல்லாம் யப்பான். பட்டதாரிக்கும் அது விளங்கியிருக்காது. இலக்கம் மட்டும் விளங்கியது. 74. இருக்கிற பெற்றோலுக்கு இன்னும் எழுபத்துநான்கு கிலோமீற்றர் ஓடும் என்று அர்த்தம். ஈச்சிலம்பற்றுக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். கிண்ணியாவில் பெற்றோல் அடிக்கலாம் என்று மனதில் குறித்துக்கொண்டு எடுத்தேன்.

கேற்றைத் தாண்டியதும் முன்சீற்றிலிருந்து அக்கா சட்டத்தை வாசித்தா.

"இஞ்ச பார் தம்பி. சம்பந்தம் கேட்டு வெளிக்கிட்டா இடையில நிப்பாட்டப்படாது. இறங்கப்படாது. அவையிட வாசலிலதான் கால் ஊண்டவேணும். போன ரெண்டு முறையும் நீ சோடா குடிக்க நிப்பாட்டினாய். என்ன நடந்தது?"

போன இரண்டு முறையும் நடந்ததற்குக் காரணம் சோடா இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சோடாவில் பழி விழுந்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. 

கிண்ணியாப் பாலம் ஏறும்போது இலக்கம் 49. நான் ஒரு கிலோமீற்றர் போனால் அது ஒன்றரை குறைகிறது. நாலு பேர், ஏசிக் குளிர், பின்சீற்றில் ஒரு குலை கதலி வாழைப்பழம், அரியதரமும் கொக்கிசுமாய்ப் பலகாரம் அடுக்கிய பெரிய தட்டு. மணந்து பார்த்து ஓடுகிற கார் அன்றைக்கு வாய் வைத்துக் குடித்தது.

பாலம் தாண்டிப் பெற்றோல் செட் வந்தது. வேகத்தைக் குறைத்தேன்.

"என்ன மெதுவாப் போறாய்?"

"இல்லை அக்கா."

"நிப்பாட்டிப் போடாத, சொல்லிப்போட்டன்."

"இல்லை அக்கா."

பெற்றோல் செட் பின்னால் போனது. ‘அக்கா, பெற்றோல் இல்லை’ என்று மூன்று சொல். ஐந்தாம் வகுப்புப் படிப்பே அதற்குப் போதும். ஆனால் சொன்னால், ஏன் காலையில் பார்க்கவில்லை என்று கேட்பா. பிறகு அந்தக் கேள்வியே மூதூர் வரைக்கும் ஓடும். மூதூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

குளிரை நிற்பாட்டினேன். ஐந்து நிமிடத்தில் அத்தான் வேர்த்தார்.

"தம்பி, குளிர் வரேல்ல."

"மலை ஏறேக்க அப்பிடித்தான் அத்தான்."

"இதில எங்க மலை?"

இரண்டு பக்கமும் தட்டையான வயல். 

அப்போதுதான் திரையில் ஒரு அதிசயத்தைக் கண்டுபிடித்தேன். பிறேக்கை மிதித்தால் சில்லிலிருந்து பற்றரிக்கு ஒரு பச்சை அம்பு ஓடுகிறது! மின்சாரம் ஏறுகிறது! முதலாளி சொன்ன ‘தன்பாட்டுக்கு’ இதுதான் போல. அதன்பிறகு நான் பிறேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. ஓடுவது, மிதிப்பது, ஓடுவது, மிதிப்பது. மின்சாரம் இலவசமாக வருவதாக நினைத்தேன். ஒவ்வொரு மிதிக்கும் பிறகு திரும்ப வேகமெடுக்கப் பெற்றோல்தான் போகிறது என்பது பிற்பாடு மருமகன் சொல்லித்தான் விளங்கியது.

பின்சீற்றில் அரியதரத் தட்டு முன்னும் பின்னும் போய்வந்தது.

"என்ன தம்பி குறுக்க?" என்றார் அத்தான்.

"மாடு."

"எங்க?"

"போயிற்றுது அத்தான்."

கொஞ்சத் தூரத்தில் மறுபடியும் மிதித்தேன்.

"இப்ப?"

"அதே மாடுதான்."

மூதூர்ப் பக்கத்துப் பெற்றோல் செட்டை அக்கா எனக்கு முதலே கண்டுவிட்டா. "ம்ம்" என்றா, அவ்வளவுதான். அதையும் தாண்டினேன். சற்று நேரத்தில் பெற்றோல் பம்பின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

அக்கா கண்ணாடி போடாமல் வந்திருந்தா. "அது என்ன மஞ்சளா எரியுது?"

"குளிர் வேலை செய்யுதெண்டு காட்டுறது."

"பிறகேன் எனக்கு அவியுது?"

சுகந்தி பின்னாலிருந்து குனிந்து என் காதுக்குள், "பெற்றோல் இருக்கா?" என்று கேட்டாள். இருபத்தொன்பது வருடமாக என் பின்கழுத்தைப் பார்த்தே என்னைப் படிப்பவள் அவள். "ஓம்" என்றேன். "சாமி" என்று சொல்லிச் சாய்ந்துகொண்டாள்.

இலக்கம் பூச்சியமானது. ஆனால் கார் ஓடியது. பூச்சியத்திலும் ஓடுகிற காரை நான் அன்றுதான் கண்டேன். நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. நாலைந்து கிலோமீற்றர் அந்தச் சந்தோஷத்தில் போனோம். ‘ஈச்சிலம்பற்று 3’ என்ற பலகைக்கு நேரே கார் மெல்ல, மிக மரியாதையாக, ஓரமாய்ப் போய் நின்றது.

லொறி என்றால் இருமி, குலுங்கி, ஊரைக் கூட்டித்தான் நிற்கும். இது நின்றதை யாரும் அறியவில்லை. அக்கா வேலிப்பக்கம் பார்த்தபடி, "வந்திற்றமா?" என்றா. அத்தான் சட்டைப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார்.

"இல்லை. பெற்றோல் முடிஞ்சுது" என்றேன்.

இரண்டு பெற்றோல் செட்டுக்கு முன்னால் வராத மூன்று சொல் இப்போது சுலபமாக வந்தது.

மணி பதினொன்று பத்து. நான் கதவைத் திறக்கப் போக, அக்கா என் கையைப் பிடித்தா.

"இறங்காத! கார் நிண்டது காரிட பிழை. நாங்க இறங்காமல் இருந்தா பயணம் முறியேல்ல."

"இறங்காமல் எப்பிடி அக்கா பெற்றோல் எடுக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது. ஒருத்தரும் கால் ஊண்டப்படாது."

நாலு பேரும் வெயிலில் காருக்குள் இருந்தோம். ஒரு மோட்டார் சைக்கிள் போனது. கைகாட்டுவோமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. அத்தான் தட்டிலிருந்து ஒரு கொக்கிசை உடைத்தார். "வையுங்க அதை!" என்றா அக்கா. வைத்தார்.

மாப்பிள்ளையின் தகப்பனுடைய நம்பர் என் போனில் மட்டும்தான் இருந்தது. அக்காவிடம் நீட்டினேன். அக்கா அதை நெருப்பைப் போலப் பார்த்தா.

"நான் என்னெண்டு சொல்லுறது? மாப்பிள்ளை கேட்டு வாற ஆக்கள் எண்ணெய் இல்லாமல் றோட்டில இருக்கிறம் எண்டா? முதல் கதை பெண்ணிட தகப்பன்தான் கதைக்கவேணும்."

அத்தானைப் பார்த்தேன். அவர் திடீரென்று நித்திரையாகியிருந்தார்.

சுகந்தி மட்டும் சத்தமில்லாமல் சொன்னாள். "அவள் காலமை நாலு மணிக்கே எழும்பி இந்தப் பலகாரத்தை அடுக்கினவள். நீங்க கதைக்காட்டி, இதோட இது முடிஞ்சுது."

அடித்தேன். கை வேர்த்து இரண்டுமுறை வேறு ஆளுக்குப் போனது. மூன்றாம் முறை எடுத்தார்.

"ஹலோ, ஆரு?"

வீட்டில் ஒரு கிழமையாகப் பாடமாக்கிய வசனம் இருந்தது. ‘வணக்கம் ஐயா, எங்கட மகளுக்கு உங்கட மகனைக் கேட்டு வந்திருக்கிறம்.’ அதுதான் வந்தது, ஆனால் துண்டுதுண்டாக.

"வணக்கம் ஐயா. நான் பெண்ணிட அப்பா. வந்தனான். வரேல்ல. பெற்றோல் இல்லை. நிக்கிறன்."

"எங்க நிக்கிறீங்க?"

"வலப்பக்கம் வயல். இடப்பக்கமும் வயல்."

"இஞ்ச எல்லாம் வயல்தான் ஐயா. வேற என்ன தெரியுது?"

"எருமை நிக்குது."

"எத்தினை எருமை?"

எண்ணினேன். "ஏழு."

"ஒண்டுக்குக் கொம்பு முறிஞ்சிருக்கா?"

"ஓம்!"

"ஆ, அது ஏண்ட மச்சான்ட மாடு. விளங்கிற்றுது. இருங்க, வாறன்."

பதினைந்து நிமிடத்தில் தூரத்தில் டக் டக் என்று சத்தம் கேட்டது. கையால் பிடித்து ஓட்டுகிற சின்ன உழவு மெசினில், எங்களை வரவேற்பதற்காகக் கட்டிய வெள்ளை வேட்டி சேற்றில் தோய, தோளில் கயிற்றோடு மாப்பிள்ளையின் தகப்பன் வந்தார்.

"மகன் பெற்றோல் எடுக்க மோட்டார் சைக்கிள்ள போயிற்றான். அவன் வரப் பன்னிரண்டு தாண்டிப் போகும். ராகுகாலத்துக்கு முதல் நீங்க வாசல மிதிக்கோணும். இழுத்துக்கொண்டு போறன்."

அக்கா கார்க் கண்ணாடியை இறக்கிக் கேட்டா. "இழுத்துக்கொண்டு போனா, அது நிண்டதா, போறதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். அந்தக் கேள்வியை அவர் மதித்தார் என்பதுதான் எனக்கு அவரில் முதலில் பிடித்தது. "சில்லு உருளுது, அக்கா. போறதுதான்."

"அப்பச் சரி."

கயிறு கட்டினார். நாங்கள் நாலு பேரும் இறங்காமல், ராசா குடும்பம் மாதிரி உள்ளே இருக்க, முன்னால் உழவு மெசின் புகைவிட்டுக்கொண்டு போனது. ஊர் வேலிக்கு வந்தது. சைக்கிளில் வந்தவர்கள் எங்களை முந்திப் போய், திரும்பி வந்து மறுபடியும் பார்த்தார்கள். நான் ஸ்டியறிங்கைப் பிடித்துக்கொண்டு, முதலாளி வீட்டுக் காரையும் என் வாழ்க்கையையும் பற்றி யோசித்தேன்.

காலையில் மிதித்த பழக்கம் இன்னும் காலில் இருந்தது. ஒரு வளைவில் என்னை அறியாமல் பிறேக்கை மிதித்துவிட்டேன். கயிறு இறுகி, மெசின் மூக்கைத் தூக்கி, அவர் விழப்பார்த்துத் தப்பினார். திரும்பி, முழு ஊரும் கேட்கக் கத்தினார்.

"சம்பந்தி! பிறேக் போடாதீங்க!"

 அக்கா என் தோளில் ஓங்கி அடித்தா.

"சம்பந்தி எண்டிட்டார்! கேட்டியா? நீ கேக்க முதலே சம்பந்தி எண்டிட்டார்!"

சுகந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்க வாசலை மிதித்தோம். உள்ளே கதிரையில் இருத்தி, தண்ணீர் தந்து, எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் பாடமாக்கிய வசனத்தைத் தேடினேன். அவர் காலில் சேற்றைக் கழுவியபடி, "அவர் போனிலேயே கேட்டிற்றார், நானும் றோட்டிலேயே சொல்லிற்றன். தேத்தண்ணியக் குடியுங்க" என்றார்.

இப்போது நாலு வருடமாகிறது. மகள் சந்தோஷமாக இருக்கிறாள். நான்தான் களைத்துவிட்டேன். எங்கே போனாலும் அந்தக் கதை எனக்கு முதலே போய் அங்கே குந்தியிருக்கிறது. சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்கத் தயங்கினால் மருமகன், "மாமா, பிறேக் போடாதீங்க" என்கிறார். கல்யாணவீடு, கோயில், வயல் அறுவடை, எல்லா இடத்திலும் சம்பந்தி அதைச் சொல்கிறார். சொல்லச் சொல்ல அவருடைய கதையில் எருமைகள் பெருகிக்கொண்டே வருகின்றன. போன மாதம் ஒரு கூட்டத்தில் இருபத்தைந்தாகிவிட்டது. "அப்பிடித்தானே சம்பந்தி?" என்று எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டார்.

ஏழுதான். எண்ணினவன் நான்.

"ஓம்" என்றேன்.