யாரும் மிதிக்காத இடம்

அந்தச் சந்தின் நட்டநடுவில் ஓர் இடத்தை மட்டும் யாரும் மிதிக்கவில்லை. காவேரி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

மண்டி மொஹல்லாவில் கால் வைக்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. ஸ்கூட்டர், ஆட்டோ, மூட்டை தூக்குபவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாரும் இடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனால் அங்கே வந்ததும் இரண்டாகப் பிரிந்து, சுவரை ஒட்டி நடந்து, அப்பால் போய் ஒன்றுசேர்ந்துகொள்கிறார்கள். நடுவில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் சும்மா கிடக்கிறது. பள்ளம் இல்லை, சாணி இல்லை, ஒன்றுமே இல்லை.



காவேரி, கர்நாடக எல்லையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளிக்காரி. மைசூரில் எம்.ஏ. புவியியல் படிக்கிறாள், அதிலும் மனிதர்கள் ஊரை எப்படிப் புழங்குகிறார்கள் என்கிற பிரிவு. அவள் கொண்டுபோன ஆய்வுத் தலைப்புகளை எல்லாம் பேராசிரியர் யக்ஞநாராயணன் ஒரு புன்னகையோடு தள்ளிவிட்டார். திங்கட்கிழமைக்குள் உருப்படியாக ஒன்று கொண்டுவராவிட்டால், அவருடைய சொந்த ஆய்வில் சேர்ந்து நகரத்துக் குப்பைத்தொட்டிகளை எண்ண வேண்டும். முன்பு அதில் மாட்டிக்கொண்ட கவின்ராஜ் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

அதற்குப் பயந்துதான் கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டி, ஜன நடமாட்டத்தைப் படம்பிடிக்க வந்திருந்தாள். வந்த இடத்தில் புதையல்!

பார்க்கப் பார்க்க வியப்பு கூடியது. சிலர் அங்கே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். ஓர் ஆட்டோக்காரர் தலைமுடியைக்கூடக் கோதிவிட்டுக்கொண்டார். என்ன ஒரு பக்தி!

மூட்டையோடு வந்த ஒருவரை நிறுத்தினாள். "ஏனுங்கண்ணா, இந்த எடத்த மட்டும் ஏன் ஒதுங்கிப் போறீங்க?"

"பரவால்லம்மா, பரவால்ல. நீங்க உங்க வேலையப் பாருங்க," என்று அவர் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெளியாளிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடாத சங்கதி போலிருக்கிறது. காவேரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் நின்ற இடத்தில் வாழைப்பழ வண்டி நின்றது. சரி என்று கொஞ்சம் தள்ளி, சரசுவின் பிளாஸ்டிக் வாளிக் கடை ஓரமாக ஸ்டாண்டை ஊன்றினாள். நிமிர்ந்து பார்த்தால், வெற்றிடமும் தள்ளிப் போயிருந்தது!

அதன் எல்லையைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் குறித்தாள். சற்று நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவதி வட்டத்துக்குள் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நாய்கூட அங்கே வரவில்லை. அசல் எது, தான் கிளப்பிவிட்டது எது என்று அவளுக்கே குழம்பிப்போனது. இனி நம்மால் ஆகாது என்று போனை எடுத்தாள்.

"சார், மண்டி மொஹல்லாவுல ஒரு எடம் நகருதுங்க சார்!"

"ஹௌதா? நிஜமாவா?"

"நெசமாத்தானுங்க சார். வந்து பாருங்க."

அடுத்த நாள் யக்ஞநாராயணன் துறையின் பெரிய கேமராவோடு வந்து இறங்கினார். ஆள் உயர ஸ்டாண்டைக் கவின்ராஜ் தோளில் சுமந்து வந்தான். அதைச் சந்தின் நடுவில் நிறுத்தி, அவர் ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தார்.

சந்து நின்றுவிட்டது.

ஆட்டோக்கள் நின்றன. கைவண்டி நின்றது. இரண்டு முனையிலும் கூட்டம் சேர்ந்தது. ஒருவர்கூட ஹார்ன் அடிக்கவில்லை. நடுவே தெரு முழுதும் கோயில் பிராகாரம்போல் வெறிச்சென்று கிடந்தது. மண்டி மொஹல்லாவில், பட்டப்பகலில், அப்படி ஓர் அமைதி! காவேரிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பேரை, அதட்டாமல், கயிறு கட்டாமல், எது இப்படி ஒதுங்க வைக்கிறது?

பேராசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டார். 

"மனுஷா மறந்தாலும் தெரு மறக்காதும்மா. நான் படிச்சதெல்லாம் இதுக்கு முன்னாடி தூசு. இதான் உன் தலைப்பு. அஷ்டே, அவ்வளவுதான்!"

குப்பைத்தொட்டிகள் காவேரியின் கண்முன்னால் பறந்து மறைந்தன.

அப்போது கேமராவுக்குக் கீழாகத் தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையிலும் வாளிகளோடு சரசு வந்தாள். பேராசிரியர் பயபக்தியோடு கை கூப்பினார்.

"நீங்களாவது சொல்லுங்கோம்மா. இந்த எடத்துல அப்படி என்னதான் இருக்கு?"

சரசு சங்கடத்தோடு குரலைத் தாழ்த்தினாள். "உங்க கேமராதான் இருக்குங்க சார். குறுக்க விழுந்து இந்தப் பொண்ணு படத்தக் கெடுத்துடக் கூடாதுன்னு முந்தாநாள்லேருந்து ஊரே செவுத்த ஒட்டி நடக்குது, எப்ப சார் எடுத்து முடிப்பீங்க?"