கிடி சாமியும் நாலாவது பிளக்கும்

அந்த ஆறு மாதம் தாவணகெரேயில் யாருக்கும் ஜாதகம் தேவைப்படவில்லை. பிளக் இருந்தால் போதும்.

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் தலையில் திருகி வைத்திருப்பார்களே, பெட்ரோலுக்குத் தீ மூட்டுகிற சின்ன உருப்படி, அதேதான். அதைக் கழற்றிக் கிடி சாமியின் உள்ளங்கையில் வைத்துவிட வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது, பையனுக்கு வேலை எங்கே, பங்காளி வைத்த செய்வினை வீட்டில் எந்த மூலையில் புதைந்திருக்கிறது, எல்லாம் மைக்கில் வந்துவிடும். கிடி என்றால் எங்கள் கன்னடத்தில் தீப்பொறி. பெயர் வைப்பதில் மட்டும் இந்த ஆட்கள் சோம்பல் படுவதே இல்லை.

பழைய பஞ்சாலை மைதானத்தில் பந்தல். காலை ஆறு மணிக்கே வண்டிகள் வரிசையில் நிற்கும். வண்டி இல்லாதவர்கள் மைத்துனன் வண்டியின் பிளக்கை இரவல் வாங்கி வந்தார்கள். மைத்துனனின் தலையெழுத்து நமக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே!

சாமியும் மோட்டார் சைக்கிளில்தான் எழுந்தருளுவார். மாலை போட்ட வண்டி, பின்னால் நீலப் புகை. அந்தப் புகையை இரண்டு கையாலும் வாரிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பெண்களை நானே பார்த்தேன். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. பக்திக் கண்ணீர் என்றார்கள்.

இதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். 'பிளக் காட்டும் பிறவிப் பயன்' என்று பத்தாயிரம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்த அச்சகக்காரன் நான்தான். அதோடு நின்றேனா? என் வண்டியையும் வரிசையில் நிறுத்தினேன். சாமியின் கையாள் நிங்கப்பா ஸ்பேனரோடு வந்து பிளக்கைக் கழற்றினான்.

"என்ன பிரஸ் அண்ணா, முகம் வாடிக் கிடக்கு? வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு நிங்கப்பா. இந்த இடத்துத் தகராறுதான், கோர்ட்டுல இழுத்துட்டே போகுது."

"அடடா. எல்லாம் சாமி பாத்துக்குவார்" என்று பிளக்கில் ஒரு பச்சை நூலைக் கட்டி வரிசை எண் எழுதினான். அரை மணி நேரம் கழித்துச் சாமி அதே பிளக்கைக் கையில் ஏந்திக் கண்ணை மூடினார். "நீதிமன்றப் படி ஏறி ஏறி உன் செருப்பு தேஞ்சு போச்சேப்பா!" என்றார். நான் அழுதேவிட்டேன். இருபது வருஷமாக மெய்ப்புத் திருத்துகிற எனக்கு அந்தப் பச்சை நூல் கண்ணில் படவில்லை.

சாமியின் சாத்திரம் மூன்றே வரி. பிளக்கின் மூக்கில் கரி படிந்தால் சனி. காப்பிப்பொடி நிறமென்றால் சுமார் ஜாதகம், குரு பார்வை. தும்பைப் பூவாக வெளுத்திருந்தால் பூர்வ ஜென்மப் புண்ணியம். ஊர் முழுக்க இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள், எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து குடிக்கிறவை. கரி படியாமல் என்ன செய்யும்? ஆக, ஊர் முழுக்கச் சனி.

சனிக்குப் பரிகாரமும் உண்டு. காணிக்கை வைத்தால் நிங்கப்பா வண்டியைப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போவான். கால் மணி நேரம் மந்திரம் கேட்கும். அடுத்த வாரம் பிளக்கைக் கழற்றினால் பளிச்சென்று வெள்ளை! சனி ஓடிவிட்டதைக் கண்ணால் பார்க்கிற பாக்கியம் வேறு எந்த ஊருக்குக் கிடைத்தது?

மிளகாய் பஜ்ஜிக் கடை கொட்ரப்பாவுக்கும் அப்படித்தான் வெளுத்தது. ஒன்பதாம் நாள் ஹரிஹரம் சாலையில் போகும்போது எஞ்சின் சூட்டில் பிஸ்டன் இறுகிப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. ஆளைத் தூக்கி எறிந்ததில் காறை எலும்பு முறிந்தது. "உயிர் போக வேண்டியது, எலும்போட போச்சு. பரிகாரம் காப்பாத்திடுச்சு" என்றார் சாமி. மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கானது.

இந்த நிலையில்தான் சென்னபசப்பா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்.

சென்னபசப்பா பொரி வறுக்கிற பட்டறை வைத்திருப்பவர். மகள் சிவலீலா, பி.பி. சாலையில் வண்டி உதிரிபாகக் கடையில் நான்கு வருஷமாக வேலை பார்க்கிறாள். பழைய பிளக்கை நீட்டினால் ஒரு பார்வை பார்த்து, "காத்து வடிகட்டி அடைச்சிருக்கு, தட்டிப் போடுங்க. புது பிளக் வேண்டாம்" என்று வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற ரகம். அவளுக்கு ஹாலேஷைப் பிடித்திருந்தது. கிராமங்களிலிருந்து வெண்ணெய் டின்களை வண்டியில் கட்டி வந்து தோசை ஓட்டல்களுக்குப் போடுகிறவன். சென்னபசப்பாவுக்கும் பையனைப் பிடித்திருந்தது, அவன் பிளக்கைச் சாமி பார்க்கிற வரையில்.

பாரம் அதிகமென்று எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றுகிறவன் ஹாலேஷ். பிளக் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. "கண்டகச் சனி! பெண்ணைக் கொடுத்தா ஆறு மாசத்துல திரும்பி வருவா" என்றார் சாமி. சென்னபசப்பா ஆடிப்போய்விட்டார். அமாவாசைக்குள் பரிகாரம் செய்து பிளக்கை வெள்ளையாகக் காட்டினால் கல்யாணம், இல்லையென்றால் வேறு இடம் என்று தவணை கொடுத்தார்.

கடையில் நான் ரசீதுப் புத்தகம் கொடுக்கப் போயிருந்தபோது ஹாலேஷ் கவுண்டர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"பரிகாரத்தைப் பண்ணிட்டா என்ன லீலா? கல்யாணம் ஆனதும் பழையபடி மாத்திக்கலாம்."

"எலும்பையும் பழையபடி மாத்திக்குவியா? கொட்ரப்பாண்ணா பாரம் இல்லாம வெறும் வண்டியில போனார். நீ நாப்பது கிலோ வெண்ணெயோட போறவன். சக்கரம் பூட்டிக்கிச்சுன்னா உன்னை ரோட்டுலருந்து வழிச்சுத்தான் எடுக்கணும்."

"அப்போ உங்கப்பா?"

அவள் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே பழைய பிளக்குகள், பலவற்றில் நூல் தொங்கியது. சாமியிடம் காட்டிவிட்டுக் கடைக்கு வந்தவர்கள் விட்டுப் போனவை. "பிரஸ் அண்ணா, உங்களுக்குப் பச்சை நூல்தானே? கோர்ட்டுக் கேஸ் எல்லாம் பச்சை. கல்யாணம் மஞ்சள். நோய் சிவப்பு. வந்தவங்ககிட்ட கேட்டுக் கேட்டு எழுதி வச்சிருக்கேன்" என்றாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. சாமி மீது வந்த கோபத்தைவிட என் மீது வந்த கோபம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. சிவலீலா அப்பாவோடு மேடையேறினாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, நடுவில் மூன்று பிளக்.

"மூணு வரன் வந்திருக்கா?" என்று முகம் மலர்ந்தார் சாமி.

"நீங்க பாத்துச் சொல்லுங்க சாமி. நீங்க சொல்றதைத்தான் அப்பா கேப்பார்" என்றாள். சென்னபசப்பா பெருமையோடு தலையாட்டினார். வழிக்கு வந்த மகளை யாருக்குத்தான் பிடிக்காது?

சாமி முதல் பிளக்கை எடுத்தார். கரி. முகத்தைச் சுளித்தார். "சனி முத்தின கேஸ். குடிகாரன். கைநீட்டுவான். அந்தப் பக்கமே போகாதீங்க."

இரண்டாவது காப்பிப்பொடி நிறம். "பரவாயில்லை. சம்பாதிப்பான். மாமியார் வாய் கொஞ்சம் நீளம்."

மூன்றாவதை எடுத்ததும் எழுந்தே நின்றுவிட்டார். வெள்ளை! "சென்னபசப்பா, நீ போன ஜென்மத்துல என்ன தானம் பண்ணினியோ! மகாபுருஷன்யா. வர்ற வெள்ளிக்கிழமையே முடிச்சிடு!"

கைதட்டல் மைதானத்தைப் பிளந்தது.

"சாமி, இவங்க மூணு பேரும் வேற வேற ஆளுங்கதானே?"

"என்னம்மா கேள்வி? மூணும் வேற வேற நட்சத்திரம். ஒருத்தன் மூஞ்சி இன்னொருத்தனுக்குப் பாத்தாலே ஆகாது."

"ஹாலேஷ், கொஞ்சம் மேல வா" என்றாள் சிவலீலா.

கையெல்லாம் எண்ணெயோடு ஹாலேஷ் ஏறினான்.

"மூணும் இவர் வண்டி பிளக்தான். இன்னிக்குக் காலையில ஹரிஹரம் ரோட்டுல மூணு தடவை ஓட்டிக் கழட்டினது. முதல்ல எண்ணெயைக் கூட்டிக் காத்தைக் குறைச்சோம், கருத்துடுச்சு. அளவா வச்சதும் காப்பி நிறம். அப்புறம் நிங்கப்பா பரிகாரத்துக்குப் பண்ற மாதிரியே வடிகட்டியை எடுத்துட்டு கார்பரேட்டர் ஊசியை இறக்கினோம். பெட்ரோல் குறைஞ்சு சூடு ஏறிச்சு, வெளுத்துடுச்சு. எஞ்சின் தட்ட ஆரம்பிச்சதும் நிறுத்திட்டோம். ஏழு மணிக்குக் குடிகாரன், எட்டு மணிக்குச் சுமார், ஒன்பது மணிக்கு மகாபுருஷன். எந்த கிரகம்பா ஸ்க்ரூ டிரைவரோட சுத்துது?"

பொய் பிடிபட்டதும் கூட்டம் பொங்கி எழும் என்றுதானே நினைக்கிறீர்கள்? எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது. சாமி மைக்கை இழுத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"பாத்தீங்களா சனியோட லீலையை? ஒரே ஆள், ஒரே காலைல மூணு புத்தி! இவனை நம்பியா பெண்ணைக் கொடுக்கறது?"

"ஆமா, ஆமா" என்று நாலா பக்கமும் தலைகள் ஆடின. சென்னபசப்பாவின் தலையும் ஆடியது. எனக்கு மேடையேறி ஒவ்வொரு தலையாகப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது.

சிவலீலா அசரவில்லை. முந்தானை முடிச்சிலிருந்து நாலாவது பிளக்கை எடுத்தாள். அதில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"சரி சாமி. இது யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க."

சாமி வாங்கினார். கன்னங்கரேல், எண்ணெய் சொட்டியது. சிவப்பு நூலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பழி வாங்க நல்ல நேரம்.

"இது உங்க வீட்டு வண்டியோடது. உன் லட்சணம் இதுல தெரியுது. வீட்ல வயித்துல நோய் வச்சிருக்கிற ஆள் ஒண்ணு படுத்திருக்கு. இந்த வண்டிக்குச் சொந்தக்காரர் வாயைத் திறந்தா பொய். நாலு குடும்பத்தைக் கெடுக்கிற பிறவி. இந்த ஆளை ஊருக்குள்ள விட்டதே தப்பு!"

"மறுபடியும் மைக்கில சொல்லுங்க சாமி, பின்னால கேக்கலை."

சொன்னார். இன்னும் இரண்டு வசவு சேர்த்தே சொன்னார்.

"நன்றி. ஆறு மாசத்துல நீங்க சொன்ன முதல் உண்மை" என்று பந்தலுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். "அது உங்க வண்டியோட பிளக். நீங்க மேடையேறினதும் ஹாலேஷ் கழட்டினது. சிவப்பு நூல் நான் கட்டினது. நோய்க்குச் சிவப்புன்னு உங்க நிங்கப்பா வச்ச கணக்கு."

முன்வரிசை ஓடிப்போய்ப் பார்த்தது. மாலை போட்ட வண்டியின் எஞ்சின் தலையில் ஓர் ஓட்டை. மின்கம்பி அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கொட்ரப்பா கைக்கட்டோடு கூட்டத்தை விலக்கி வந்து அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சாமியைப் பார்த்தார்.

நிங்கப்பாவைத் தேடினால் காணோம். ராணிபென்னூர் பஸ்ஸில் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். சாமி மேடையின் பின்பக்கம் குதித்து வண்டியில் ஏறினார். உதைத்தார். மறுபடி உதைத்தார். காவி வேட்டி அவிழ அவிழ உதைத்தார். வண்டியைப் பற்றி ஊருக்கே சொன்ன ஞானிக்கு, பிளக் இல்லாத வண்டி கிளம்பாது என்பது பத்தாவது உதையில்தான் உறைத்தது. அதற்குள் காவல் நிலையத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

மேடையில் சென்னபசப்பா தாம்பாளத்தைப் பிடித்தபடி நின்றார். பாவமாகத்தான் இருந்தது. "சாமிக்கு எதுவும் தெரியாமலா இத்தனை பேர் வந்தாங்க லீலா?" என்றார்.

"அப்பா, நம்ம பட்டறை அடுப்புல காத்து போகாம உமி புகைஞ்சா சட்டி என்ன ஆகும்?"

"கரி பிடிக்கும்."

"காத்து கூடிப்போனா?"

"தீ சீறும். பொரி கருகும், சட்டி விரியும். அதான் நான் அடுப்பு வாயிலேயே உக்காந்து..." பாதியில் நிறுத்தினார். முப்பது வருஷமாக அந்த அடுப்பு வாயில் உட்கார்ந்திருக்கிறவர்.

"சட்டி கரி பிடிச்சா நீங்க சனிக்கு விளக்கா போடுவீங்க? அடுப்பைத்தானே கிளறுவீங்க? இதுவும் ஓர் அடுப்புதாம்பா. சின்ன அடுப்பு."

சென்னபசப்பா காப்பி நிற பிளக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஹாலேஷிடம் திரும்பி, "எண்ணெயைக் கொஞ்சம் குறைச்சு ஊத்துப்பா" என்றார். எங்கள் பக்கத்தில் சம்மதத்தை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். சிவலீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அன்றுதான் பட்டறைக்கு விடுமுறை, வேறு விசேஷம் எதுவும் இல்லை. பத்திரிகை அடித்தவன் நான். காசு வாங்கவில்லை, பத்தாயிரம் நோட்டீசுக்கு அதுவாவது பிராயச்சித்தமாகட்டும் என்று.

இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் சாமி பிடிபட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, மேடையை விட்டு சிவலீலா இறங்கும்போது நடந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கூட்டத்திலிருந்து ஒருவர் ஓடிவந்தார். அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார். மடியிலிருந்து தம் பிளக்கை எடுத்துப் பயபக்தியோடு நீட்டினார்.

"தாயி, எங்க பையனுக்கு கவர்மென்ட் வேலை கிடைக்குமான்னு நீங்களாவது சரியா பாத்துச் சொல்லுங்க தாயி."

அவருக்குப் பின்னால், ஒருவர் பின் ஒருவராக, வரிசையும் நின்றுவிட்டது.

பிளக்கைக் கழற்றிவிட்டால் ஒரு வண்டி ஓர் அடி நகராது. தலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எங்கள் ஊர் ஆறு மாதம் ஓடியது, என்னையும் சேர்த்து. உங்கள் ஊரிலும் ஒருவர் பந்தல் போடுவார். வரிசையில் நிற்கும் முன் கழுத்துக்கு மேலே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.