ஆறேகாலுக்கு ஒரே ஒரு மணி

2024 ஜூலை 18, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பதினைந்து நிமிடம். புனேயில் தூறல். குடையை விரிக்கலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசிக்க வைக்கிற அளவுக்கான தூறல். அந்த நிமிடத்தில் என் வீட்டு லேண்ட்லைன் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அடித்திருக்க வேண்டிய மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தொலைபேசியைக் கண்டுபிடித்தவருக்கு அடுத்தபடியாக அதைப் பற்றி அதிகம் யோசித்தவர் எங்கள் பாதிக்கட்டணம்தான். கண்டுபிடித்தவர் அதில் பேசுவதற்காக யோசித்தார். இவர் பேசாமல் இருப்பதற்காக யோசித்தார்.

புனேயின் கேம்ப் பகுதியில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் பழைய கட்டிடத்தில் நான் கீழ்த்தளம், அவர் இரண்டாவது மாடி. நான் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். எஸ்.டி.டி. காலத்தில் ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பாதிக் கட்டணம், இன்னும் நேரமானால் கால்வாசிக் கட்டணம் என்று ஏற்பாடு இருந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். கட்டிடமே கால்வாசிக்குக் காத்திருக்கும்போது இவர் மட்டும் பாதியிலேயே பேசி முடித்துவிடுவார். காரணம் கேட்டேன்.

“முழிச்சிருந்தா மறுநாளு ரெண்டு டீ கூடக் குடிக்கணும் சார். டீக்காசையும் சேத்துப் பாத்தா பாதிதான் லாபம்.”

அன்றிலிருந்து அவர் பாதிக்கட்டணம். நேரில் மட்டும் எல்லோருக்கும் ‘பிரதர்’.

அவர் போனில் பேசுவது தந்தி அடிப்பது போல இருக்கும். ஊரில் சித்தப்பா இறந்த செய்தியைத் தம்பிக்குச் சொன்னதை நானே பக்கத்தில் இருந்து கேட்டேன். “சித்தப்பா. நேத்து. நாளைக்கி அடக்கம். வச்சிரு.” அழுவதற்கு ரிசீவரை வைத்த பிறகுதான் ஆரம்பித்தார். அப்புறம் நிறையவே அழுதார்.

வெளியாட்கள் அவர் வீட்டுப் போனைப் பயன்படுத்த ஓர் உண்டியல் தொங்கியது. ஒரு அழைப்புக்கு இரண்டு ரூபாய். ஒரு முறை பாஸ்டர் ஐயா காசு போட்டுவிட்டு எண்களைச் சுழற்ற, ராங் நம்பர் விழுந்தது. காசைத் திருப்பிக் கேட்கலாமா என்பது போல உண்டியலைப் பார்த்தார்.

“ராங் நம்பருக்கும் மீட்டர் ஓடுமே பாஸ்டர்” என்றார் இவர். “தப்பு நம்ம வெரலு மேல. மிஷினு என்ன செய்யும்?”

அடுத்த ஞாயிறு பிரசங்கம் தாராள மனதைப் பற்றி இருந்தது. பாதிக்கட்டணம் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மனைவி இறந்த பிறகு அவர் தனியாளானார். ஒரே மகள் ஸ்டெல்லா நகரத்தின் மறுகோடியில், ஹடப்சரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். பதினோராவது மாடியில் ஃபிளாட். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “டாடி, கேம்ப்ல அகேலா, தனியா இருக்கணும்னா இருங்க. ஆனா டெய்லி மார்னிங் நீங்க ஓகேன்னு எனக்குத் தெரியணும். ஒரு நாள் தெரியலன்னா, அவ்ளோதான், நீங்க ஹடப்சர்.”

மொபைல் வாங்கித் தருகிறேன் என்றாள். அவர் ஒப்பவில்லை. “சட்டப்பையில ஒரு கடன்காரன வச்சுக்கிட்டுத் திரியச் சொல்லுதா சார்.” வீட்டுப் போனிலிருந்து அவளைக் கூப்பிடலாமே என்றேன்.

“அது மொபைலு. முன்னால பூஜ்யம் போட்டுப் பதினோரு நம்பரு அடிக்கணும். உங்க லேண்ட்லைனுக்கு எட்டு. தெனமும் மூணு நம்பரு மிச்சம். அதோட, அவ எடுத்துருவா சார். எடுத்தா ஹடப்சருக்கு வாங்கம்பா. நீங்க எடுக்க மாட்டீயல்லா.”

அப்படித்தான் ஒப்பந்தம் உருவானது. காலை ஆறேகாலுக்கு மேலிருந்து என் லேண்ட்லைனுக்கு ஒரே ஒரு மணி. நான் எடுக்கக் கூடாது. மணி விழுந்தால் பாதிக்கட்டணம் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். உடனே நான் என் மொபைலிலிருந்து ஸ்டெல்லாவுக்கு ஒரு மிஸ்டு கால். அவளும் எடுக்கக் கூடாது. மூன்று பேர், இரண்டு மணி, செலவு பூஜ்யம். “பேச்சுக்குத்தான் காசு சார். சேதிக்கு எதுக்குக் காசு?” என்பார். ஆறு பத்திலிருந்து நான் ரிசீவரைத் தொடக் கூடாது என்றும் ஒரு விதி. தொட்டால் அவருக்கு எங்கேஜ்டு விழுமாம்.

இதற்கு நடுவில் எங்கள் இரண்டு லைன்களுக்கும் புதுத் திட்டம் வந்தது. மாதம் 199 ரூபாய், வரியோடு 234 ரூபாய் 82 பைசா, எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அவரிடம் இதை விளக்கியவன் நான்தான். அரை மணி நேரம் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பிறகு, “அப்போ மாசத்துக்குப் பத்து காலு பேசினா ஒரு காலு இருபத்துமூணு ரூவா அம்பது பைசால்லா விழுது. அநியாயமா இருக்கே சார்” என்றார்.

மறுநாளிலிருந்து ஒரு அழைப்பின் விலையைக் குறைக்கும் வேலையில் இறங்கினார். ஐம்பது பைசாவுக்குக் கீழே கொண்டு வருவது லட்சியம். பேக்கரிக்குப் போன் செய்து பாவ் ரொட்டி சூடாக இருக்கிறதா என்று கேட்பார். ‘இருக்கிறது’ என்றால் ‘சந்தோஷம்’ என்று வைத்துவிடுவார். போன் கம்பெனியின் புகார் எண்ணைக் கூப்பிட்டு, “பையா, கம்ப்ளெய்ண்ட் நஹி ஹை” என்பார். புகார் இல்லாமல் எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று அந்தப் பக்கத்தில் கேட்டால், “அதச் சொல்லத்தான்” என்பார். புகார் இல்லை என்பதைப் பதிவு செய்ய அவர்களிடம் வழி இல்லாததால் ஒரு நாள் லைன்மேன் நேரில் வந்துவிட்டார். அவரிடமும் புகார் இல்லை என்றே சொல்லி டீ கொடுத்து அனுப்பினார்.

எனக்குப் பகலில் பத்துப் பன்னிரண்டு முறை வரும்.

“சார், மேல நின்னு பாக்கேன். உங்க கொடியில ஒரு பனியன் கீழ விழுந்து கெடக்கு.”

“எடுக்கிறேன் பிரதர்.”

“இது இந்த மாசத்துல நூத்தி எழுவதாவது காலு. ஒரு காலு ஒரு ரூவா முப்பத்தெட்டுக்கு வந்துட்டு.”

நானும் கணக்குப் பார்ப்பவன்தான். இங்கே நானும் தனியாள்தான், என் மகன் சென்னையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மொபைலில் கூப்பிடுவான். என் லேண்ட்லைனில் வருவது ஏழு நாளும் பாதிக்கட்டணம் ஒருவர்தான். கீழே விழுந்த பனியனைப் பற்றிக் கேட்பதற்கு வருடத்துக்கு 2,817 ரூபாய் 84 பைசா அதிகம் என்று எனக்குப் பட்டது. 2023 ஜூலையில் ஒரு நாள் போனை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, லைனை ஒப்படைத்துவிடலாம் என்று கிளம்பினேன். படிக்கட்டில் எதிரே வந்தார். பைக்குள்ளிருந்து சுருள் ஒயர் வெளியே தொங்கியது.

“என்ன சார், போனத் தூக்கிட்டுக் கெளம்பிட்டீய?”

“சரண்டர் பண்ணப் போறேன் பிரதர். எனக்கு மொபைல் போதும். நீங்க காலையில அதுக்கே அடிங்க.”

அவர் முகம் வாடிவிட்டது. “உங்க மொபைலு ராத்திரி சார்ஜு இல்லாம செத்துப் போவுது. மணி கேக்காட்டி நீங்க என்ன செய்வீய? மக வந்து நிப்பா. நான் ஹடப்சர்ல பதினோராவது மாடியில ஒக்காந்து, கீழ எறும்பு மாதிரி ஆளுவளப் பாத்துட்டுக் கெடக்கணும்.”

நான் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவர், நான் வாழ்நாளில் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

“உங்க போனு வாடகையில பாதிய நான் தாறேன்.”

பாஸ்டருக்கு இரண்டு ரூபாய் திருப்பித் தராத மனிதர். பாதி என்றால் 117 ரூபாய் 41 பைசா. மேலே போய் 117 ரூபாய் ஐம்பது பைசாவாகக் கொண்டு வந்தார். அந்த ஐம்பது பைசா நாணயத்தை எத்தனை வருடமாக வைத்திருந்தாரோ.

“ஒம்பது பைசா உங்கட்ட நிக்கி” என்றார்.

போன் பழைய இடத்துக்குப் போனது. ஒவ்வொரு மாதமும் அதே தொகை வந்தது. ஐம்பது பைசா நாணயம் தீர்ந்ததும் ஒரு மாதம் 117, மறுமாதம் 118 என்று சரிக்கட்டினார். பன்னிரண்டு மாதத்தில் நான் அவருக்குத் தர வேண்டியது ஒரு ரூபாய் எட்டுப் பைசா ஆகியிருந்தது.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வரலாம். ஆறேகால் ஆனது. மணி இல்லை. விதிப்படி ரிசீவரைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு இருபது. ஆறு இருபத்தைந்து. மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்கிற லாட்ச். ஆள் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று வெளியிலிருந்து தெரியாது. முதல் வருடமே சொன்னேன், இந்த லாட்ச் ஆபத்து என்று.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். முதல் முறையாக எடுத்தாள். நான் பேசுகிறேன் என்றதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. “அங்கிள், டாடி வீட்டு இன்னொரு சாவி எங்க கார்ல இருக்கு. கார் எடுத்துட்டு என் ஹஸ்பெண்ட் வேலைக்கு ரஞ்சன்காவ் போயிட்டார். நீங்க சாவிவாலாவைக் கூப்பிடுங்க. நான் ஸ்கூட்டில கிளம்பிட்டேன்.”

பூட்டுத் திறக்கிற சாவிவாலாவைத் தெருமுனை வீட்டிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தேன். நானூறு ரூபாய் என்றான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பேரம் பேசாமல் கொடுத்தேன். அவன் துளை போட்டு லாட்ச்சைப் பெயர்க்கும்போது ஸ்டெல்லா படியேறி வந்தாள். நனைந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

கதவு திறந்தது. மடித்த போர்வை. கழுவிக் கவிழ்த்த டீ டம்ளர். ஆள் இல்லை.

“யாரு சார் என் வீட்ட ஒடைக்கது?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பாதிக்கட்டணம் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் பாவ் பொட்டலம்.

விஷயம் இதுதான். காலையில் அவர் போன் செத்துக் கிடந்திருக்கிறது. உடனே, லேண்ட்லைன் வைத்திருக்கும் பேக்கரிக்கு நடந்து போய், சரியாக ஆறேகாலுக்கு அங்கிருந்து எனக்கு ஒரு மணி கொடுத்திருக்கிறார். அவர் காதில் மணி கேட்டது. கடமை முடிந்ததென்று நிம்மதியாக டீ குடித்துவிட்டு மெதுவாக வந்திருக்கிறார். ரோட்டைத் தோண்டியதில் கேபிள் அறுந்து, என் போனும் செத்துப் போயிருந்ததும், அவர் கேட்டது எக்ஸ்சேஞ்ச் எழுப்பிய மணி மட்டும்தான் என்பதும் அவருக்குத் தெரியாது. விதியை மதித்து ரிசீவரைத் தொடாமல் இருந்ததால் எனக்கும் தெரியாது.

“பிரதர், பேக்கரிக்கு என் கதவைத் தாண்டித்தானே போனீங்க? தட்டிச் சொல்லியிருக்கலாமே?”

“ஆறு மணிக்குக் கதவத் தட்டி உங்கள எழுப்பவா? மரியாதையா இருக்குமா சார்?”

“மணி அடிச்சாலும் எழுந்திருப்பேனே.”

“அது போனு எழுப்புதது. நான் இல்லல்லா.”

ஸ்டெல்லா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஹெல்மெட் கொக்கியோடு போராடிக்கொண்டிருந்தாள். விரல்கள் நடுங்கின. பாதிக்கட்டணம் பாவ் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, அவரே அந்தக் கொக்கியைக் கழற்றினார்.

“டாடி” என்றாள். அதற்கு மேல் அவளுக்கு எந்த மொழியும் வரவில்லை.

“சரி மக்கா” என்றார் அவர். “வாரேன்.”

புது லாட்ச் ஐந்நூற்றைம்பது. அதையும் நானே கொடுத்தேன், ஆளைக் கூட்டி வந்தவன் நான் என்பதால். அன்று சாயங்காலம் அவர் என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். “பூட்டு போனா போவுது சார். பிள்ளைக்குக் கை நடுங்குச்சே. எல்லாத்தையும் மிச்சம் பிடிச்சேன்னுல்லா நெனச்சேன்.”

பத்து நாளில் வீடு காலியானது. டெம்போ கிளம்பும்போது ஒரு ரூபாய் நாணயத்தை நீட்டினேன்.

“எட்டுப் பைசா கொறையுதே” என்றார். “முழுசா சேந்ததும் தாங்க. இப்ப நிக்கட்டும்.”

மறுநாள் காலை ஆறேகால். அதற்குள் கேபிளைச் சரி செய்திருந்தார்கள். என் போன் அடித்தது. ஒரு மணியோடு நிற்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. பதறிப்போய் எடுத்தேன்.

“எடுத்துட்டீயளா, நல்லது” என்றார் பாதிக்கட்டணம். “மக வீட்டு இன்டர்நெட்டோட ஒரு லேண்ட்லைனு சும்மா குடுத்திருக்கான். எட்டு நம்பருதான். குறிச்சுக்கிடுங்க.”

“எதுக்கு பிரதர்? நீங்கதான் மக கூட இருக்கீங்களே. இனிமே மணி எதுக்கு?”

“எனக்கு எதுக்கு மணி? உங்களுக்குத்தான் சார் அங்க மேலயும் ஆளில்ல, கீழயும் உங்கள விட்டா ஆளில்ல. நாளையிலருந்து நீங்க அடிக்கணும். ஆறேகாலு. ஒரே மணி. அஞ்சு நிமிசம் பாப்பேன். வரலன்னா ஸ்டெல்லாவ சாவிவாலாவோட அனுப்புவேன். நானூறு ரூவா உங்க செலவு.”

எட்டு எண்களையும் குறித்துக்கொண்டு, “அப்போ பாதி வாடகை?” என்றேன்.

“மணி யாருக்காகவோ அவங்கதான் கட்டணும். இனிமே முழுசும் உங்களோடது. வச்சிருதேன்.”

வைத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் ஆறேகாலுக்கு எட்டு எண்களை அடித்து, ஹடப்சரில் ஒரு மணி கேட்டதும் வைக்கிறேன். இதுவரை அவர் எடுத்ததில்லை. மழைக்காலத்தில் மட்டும் முதலில் ரிசீவரைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன். மகன் இதைக் கேட்டுவிட்டு, மொபைலில் இதற்கெல்லாம் இலவசமாகவே வழி இருக்கிறது அப்பா, அந்த லைனை எடுத்துவிடுங்கள் என்றான். எனக்கும் தெரியும். பார்க்கலாம் என்றேன்.

நவம்பர் பில்லை நேற்றுதான் கட்டினேன். அவரோடு பகிர்ந்துகொண்ட பன்னிரண்டு மாதத்தில் என் பங்கு, பூட்டு உடைத்தது, புது லாட்ச், அதன் பிறகு பதினேழு மாத முழு வாடகை எல்லாம் சேர்த்து எனக்கு இதுவரை ஆகியிருப்பது 6,349 ரூபாய் 78 பைசா. இதில் பாதிக்கட்டணத்துக்கு நான் தர வேண்டிய ஒரு ரூபாய் எட்டுப் பைசா சேரவில்லை. அதைத் தீர்ப்பதாகவும் இல்லை.