அளவான முறுக்கு

இந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை வீட்டிலேயே பிடித்து வைத்துவிடுவது என்று தராசுக்காரர் தீர்மானித்துவிட்டார். கெஞ்சக் கூடாது. அதட்டவும் கூடாது, அதட்டினால் பதிலுக்கு என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். நியூட்டன் மீட்டரை வைத்துத்தான் மடக்க வேண்டும்.

தராசுக்காரர் என்றால் தராசு விற்கிறவர் இல்லை. கடை கடையாகப் போய், தராசு சரியாக நிற்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிற அரசாங்க உத்தியோகம். ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. தெருக்காரர்கள் வைத்த பெயர் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

மனைவிக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. திங்கள் முதல் சனி வரை அவள் அங்கே மாத்திரை எண்ணுவாள், இவர் இங்கே சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்கை எண்ணுவார். காலையில் அவள் காபி குடித்து வைத்த டம்ளரை மத்தியானம் வரை கழுவ மாட்டார். அது மேஜையில் இருந்தால் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி ஒரு பிரமை.

மிச்சம் இருந்தது ஞாயிறு ஒன்றுதான். அதிலும் மண் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா ஒரு சைக்கிள் கோஷ்டி ஆரம்பித்தார். மனைவி புதுச் சைக்கிள் வாங்கி அதில் சேர்ந்துவிட்டாள். காலை ஆறு மணிக்குப் போனால் மத்தியானம் வருவாள். வந்ததும், "கால் என்னமா வலிக்குது!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவாள்.

இவரும் கூடப் போகலாமே என்றால், போகலாம்தான். ஆனால் ஊர்த் தராசையெல்லாம் நேராக நிறுத்தியவருக்குச் சைக்கிள் மட்டும் நேராக நிற்காது. ஓட்டவே தெரியாது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக இந்த ரகசியத்தை முழங்கால் வலி என்று சொல்லிக் காப்பாற்றி வருகிறார்.

சனிக்கிழமை சாயங்காலம், சைக்கிளோடு வந்த சின்னப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இந்தா பாரு. உன் ஹேண்டில்பார் இரும்பு இல்ல, கார்பன். முறுக்குற வேகத்துக்கு நியூட்டன் மீட்டர்னு ஒரு அளவு இருக்கு. இந்த போல்ட்டை அதுல அஞ்சுக்குத்தான் முறுக்கணுமாம். கூடினா விரிசல் விடும். குறைஞ்சா ஓட்டும்போதே ஆட்டம் கண்டுடும்."

"இத்தனை நாள் ஓட்டினேனே?"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு. முழுசாத் திரும்பி வந்திருக்கே!"

"இப்ப என்னங்க பண்றது?"

"அளந்து முறுக்குறதுக்கு டார்க் ரெஞ்ச்னு ஒண்ணு இருக்கு. வாங்கணும்."

"வாங்குங்க."

"கத்திரிக்காயா, கூடையில அள்ளிட்டு வர? பார்த்துத்தான் வாங்கணும். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதே."

மனைவி அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் இவ்வளவு சுருக்கமாகச் சரி சொன்னதே இல்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் அவள் எங்கும் போகவில்லை. ஒன்றும் விசேஷமாக நடந்துவிடவும் இல்லை. அலமாரியை ஒழித்தாள், துணி மடித்தாள், கொஞ்ச நேரம் தூங்கினாள். பக்கத்து அறையில் அலமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தராசுக்காரருக்கு அதுவே போதும். பேப்பரை ஒரே பக்கத்தில் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரெஞ்ச் அமைந்தால் இது போய்விடும். ஆகவே ரெஞ்ச் அமையக் கூடாது.

"பார்த்தீங்களா?" என்று அடுத்த சனிக்கிழமை கேட்டாள்.

"பார்த்தேன். முள் காட்டுற ரகம் ஒண்ணு இருக்கு. தலையைக் கொஞ்சம் சாய்ச்சுப் பார்த்தா அஞ்சு ஆறாத் தெரியும். முள்ளை நம்பி மோசம் போனவங்க எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன்!"

"கார் மெக்கானிக் கையில பெருசா ஒண்ணு இருக்குமே?"

"அது இருபதுலதான் ஆரம்பிக்குது. மூட்டை நிறுக்குற தராசுல ஏலக்காய் நிறுக்க முடியுமா?"

"பேட்டரி போட்டது?"

"பேட்டரி தீர்ந்துபோச்சுன்னா?"

"வேற போட்டுக்கலாம்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. "அதையும் பார்த்துத்தானே வாங்கணும்" என்று சமாளித்தார். அந்த ஞாயிறும் பிழைத்தது.

மூன்றாவது சனிக்கிழமை ஒரே ஒரு ரகம்தான் மிச்சம். வேண்டிய அளவை வைத்துத் திருகினால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் போடும். அதற்கு மேல் முறுக்காதே என்று அர்த்தம். தராசுக்காரர் மூன்று நாள் முயன்றும் அதில் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அதையே வாங்கிடுங்களேன்."

"எனக்கு ஒரு காது மந்தம். டிக் கேட்காமப் போயிட்டா?"

"நான் அடுக்களையில முணுமுணுக்கிறது மட்டும் கேட்குதே?"

நல்லவேளை, வாசலில் மணி அடித்தது. கெட்டவேளை, வந்தது பல் டாக்டரம்மா.

"என்ன சார், ஒரு போல்ட்டுக்கு மூணு வாரமா? தாடையில செயற்கைப் பல் பொருத்துறப்போ நானும் இப்படித்தான் அளந்து முறுக்குறேன். மூணு நிமிஷம் ஆகாது."

"தாடை வேற, ஹேண்டில்பார் வேற, டாக்டரம்மா."

"ஆமாமா. ஹேண்டில்பார் இவ்வளவு பேசாது. எங்கிட்ட டிக் ரெஞ்ச் இருக்கே சார்! உங்க வீட்டம்மாதான் வாங்கிட்டுப் போய் முறுக்கிட்டுத் திருப்பிக் கொடுத்தாங்களே?"

"எப்போ?"

"முதல் சனிக்கிழமையே."

மனைவி டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மாவுக்குத் திடீரென்று வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்துவிட்டது.

"முறுக்கிட்டியா?" என்றார் தராசுக்காரர்.

"நீங்க குளிக்கப் போனப்போ முறுக்கினேன். டிக்குன்னுச்சு. நிறுத்திட்டேன்."

"அப்புறம் ஏன் ரெண்டு ஞாயிறாப் போகலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன்."

"அதான் சொன்னேனே. முள்ளு, பேட்டரி..."

"அந்த ரெஞ்சோட ஒரு தாள் இருந்துச்சுங்க. கடைசி வரி என்ன தெரியுமா? வேலை முடிஞ்சதும் தளர்த்தி வைக்கணுமாம். முறுக்கினபடியே வச்சா உள்ள இருக்கிற ஸ்பிரிங் கெட்டுப்போயிடுமாம். உங்களுக்கு வேலை முடிஞ்சு ஆறு மாசமாச்சு. நீங்க இன்னும் முறுக்கிக்கிட்டேதான் இருக்கீங்க."

தராசுக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட நிறுத்துப் பார்க்காத வார்த்தை ஒன்று வெளியே வந்தது.

"நீ போயிட்டா எனக்கு வீட்ல இருக்க முடியலம்மா. பயமா இருக்குன்னு சொல்ல மாட்டேன். ஆனா தனியா இருக்க முடியல."

மனைவி அவர் தோளில் கை வைத்தாள்.

"டிக்" என்றாள்.

அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார். காலையில் கண் விழித்தபோது பக்கத்தில் அவள் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தார், கடிகாரம்தான் பதில் சொன்னது. வாசலில் அவளுடைய சைக்கிள் செருப்பையும் காணோம். மனசைத் திறந்து காட்டியும் போய்விட்டாளே! கழுவாத டம்ளர் மேஜையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தெருவில் சைக்கிள் மணி கேட்டது. எட்டிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே மனைவி. பக்கத்தில் இரண்டு சீட்டும் இரண்டு ஹேண்டில்பாரும் உள்ள ஒரு நீளச் சைக்கிள்.

"கோஷ்டிக்காரங்ககிட்ட இரவல் வாங்கினேன். ஏறுங்க."

"என் முழங்கால்..."

"முழங்காலுக்கு ஒண்ணுமில்லை. உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே உங்க அக்கா சொல்லிட்டாங்க. பின்னாடி உட்கார்ந்து மிதிச்சாப் போதும்."

இருபத்தாறு வருஷ முழங்கால் வலி அந்த நிமிஷமே பறந்துபோயிற்று. பின் சீட்டில் ஏறி, தன் முன்னால் இருந்த ஹேண்டில்பாரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கல் மாதிரி நின்றது.

"இதை எவ்வளவு முறுக்கியிருக்கே?"

"நீங்க சொன்ன அஞ்சுதாங்க."

தராசுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. தனக்கென்று ஒரு ஹேண்டில்பார்! முன் சீட்டில் ஏறி, முன் ஹேண்டில்பாரைப் பிடித்து மனைவி வண்டியைக் கிளப்பினாள். தெருமுனையில் வலப்பக்கம் டாக்டரம்மாவும் கோஷ்டியும் கை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கண்ணில் படாமல் நழுவிவிடலாம் என்று, ஹேண்டில்பாரை முழுப் பலத்தோடு இடப்பக்கம் திருப்பினார்.

வண்டி வலப்பக்கம் போயிற்று.