கையை நீட்ட மாட்டோம்

வலி என்பது ஸ்ரீரங்கத்தில் உள்ள எங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல. மனுவோடு வருகிறவர்களுக்கு அதை நாங்கள்தான் வழங்கி வந்தோம். எங்களில் ஒருவருக்கே வலி வந்த பிறகுதான் அது அரசின் கவனத்துக்கு உரிய பொருளானது.

வந்தது கம்ப்யூட்டர் பார்க்கும் இருதயமேரிக்கு. அவர் மேஜையில் கீபோர்டை ஒட்டிக் கோப்புக் கட்டுகள். அதற்கும் அந்தப் பக்கம் மவுஸ். நாளெல்லாம் எட்டி எட்டிப் பிடித்ததில் வலது கை தோளோடு பிடித்துக்கொண்டது. காலையில் மகள் லிசிக்குத் தலை பின்னக்கூட முடியவில்லை, பாவம்.

"மவுஸைக் கிட்ட வச்சுக்கோங்க. முழங்கை உடம்போட ஒட்டியே இருக்கணும். இல்லேன்னா கையைத் தூக்கவே வராது" என்றார் தில்லைநகர் டாக்டர்.

மேரி எங்கள் அதிகாரி மாத்ருபூதத்திடம் போனார். "சார், அந்தக் கட்டுகளை வைக்க ஒரு அலமாரி கிடைச்சா போதும்."

"அலமாரியா? முதல்ல விழிப்புணர்வு வரட்டும்மா."

கை வலி விழிப்புணர்வு வாரம் வந்தது. முதல் வேலை உறுதிமொழி. எல்லோரும் வராந்தாவில் வரிசையாக நின்று வலது கையை முன்னால் நீட்டினோம்.

"சார், டாக்டர் கையை நீட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"அதைத்தானேம்மா உறுதிமொழியா எடுக்கப் போறோம்? நீட்டுங்க."

"இடது கையை நீட்டட்டுமா?"

"நல்ல காரியத்துக்கு இடது கையா?"

'சுட்டியைக் கையாளுகையில் எனது கரத்தை ஒருபோதும் நீட்டேன் என உளமார உறுதி கூறுகிறேன்' என்று நீட்டிய கையோடு முழங்கினோம். மவுஸுக்கு அரசுத் தமிழில் சுட்டி. போட்டோ எடுத்த ஜெய்சங்கர், "பின்வரிசையில கை தொங்குது சார்" என்றார். மறுபடி முதலிலிருந்து முழங்கினோம். வாரம் முழுக்க இதே கதை. அத்தனை படங்களையும் ஆளுக்கொரு சான்றிதழையும் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் மேரி.

கடைசி நாள் திருச்சியிலிருந்து மேலதிகாரி வந்தார். மணப்பாறை முறுக்கைக் கடித்துக்கொண்டே, "கை வலி இருக்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார்.

மேரியின் கை இடுப்பு வரை வந்து நின்றுவிட்டது. ஒரு வாரம் நீட்டி நீட்டி உறுதி எடுத்ததில் எங்கள் கைகளும் அதற்கு மேல் வரவில்லை.

"ஒருத்தருக்குமே இல்ல! ஒரே வாரத்துல!" மேலதிகாரி நெகிழ்ந்துபோனார்.

"சார், எனக்கு..." என்றார் மேரி.

"கையைத் தூக்கினவங்கதாம்மா பேசணும்" என்றார் மாத்ருபூதம்.

வலி ஒழிந்த அலுவலகத்துக்கு அலமாரி எதற்கு? கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. சிறந்த அலுவலகத்துக்கான கேடயம் ஒன்று வந்தது. அதை மேரியின் கோப்புக் கட்டுகளுக்கு முன்னால் வைத்தோம். மவுஸ் இன்னும் ஒரு முழம் தள்ளிப் போனது.

மறுவாரம் தில்லைநகர் டாக்டர் வீட்டு பெஞ்சில் எங்கள் அலுவலகமே உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் மேரி, பக்கத்தில் கிராப்பு வெட்டிய லிசி. முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு மாத்ருபூதமும் இருந்தார். வாரம் முழுக்க முன்வரிசையில் நின்று நீட்டியவர் அவர்தானே.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "அடுத்தது யாரு? கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் கையைத் தூக்காமல் பேசக் கூடாது என்ற ஒழுங்கு எங்களுக்குள் ஊறிப்போயிருந்தது. நாங்கள் மாத்ருபூதத்தைப் பார்த்தோம். அவர் எங்கள் கைகளைப் பார்த்தார்.

"யாருக்கும் வலி இல்லையா? நல்லதுங்க" என்று நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டார்.