ஆல்டர் பெஞ்சின் கடைசி அவிசுவாசி

கிட்டே வந்து உட்காருங்கள், கண்மணிகளே. குளிர்கிறவர்கள் அடுப்புப் பக்கமாக நகர்ந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு வாரத்தில் ஓர் ஊர் முழுவதும் தன் அன்பை நிரூபித்த கதையைச் சொல்கிறேன்.

குழு அமைத்து, தலைவர் நியமித்து, ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடித்து, அன்பை ஒழுங்காக நடத்துகிற ஊர் உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது யூட்டாவில் இருக்கும் எங்கள் ஆல்டர் பெஞ்ச்தான். இங்கே எல்லாரும் மார்மன் சபைக் கிறிஸ்தவர்கள். எல்லாரும் என்றால், ஃபெருச்சி நீங்கலாக.

டோமினிக் ஃபெருச்சி ரயில் என்ஜின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி லெனோராவை இழந்தவர். எந்தச் சபைக்கும் போகாதவர். காலையில் வாசலில் உட்கார்ந்து, தெருவே மணக்கும்படி காபி குடிப்பார். காபி எங்கள் மார்க்கத்துக்கு ஆகாது. மூக்கு மட்டும் எங்களைக் கேட்காமல் அந்தப் பக்கம் திரும்பும். வேறு ஊராக இருந்தால் அவரைத் தூற்றியிருக்கும். நாங்கள் நேசித்தோம். அவர் வாசல் பனியை அள்ள அடிதடியே நடக்கும். வாழைப்பழ ரொட்டி, கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி, சீஸ் வழியும் உருளைக்கிழங்கு என்று எது போனாலும் தட்டுக்கு அடியில் ஒரு துண்டுப் பிரசுரமும் போகும்.

இந்த ஊருக்குத்தான் ஊழியத்துக்கு வந்தான் எல்டர் ஜெப்சன். 'எல்டர்' என்றால் மூத்தவர் என்று பொருள். வயது பத்தொன்பது. ஐடஹோ உருளைக்கிழங்குப் பண்ணைப் பிள்ளை. கூடப் படித்தவர்களுக்குப் பிரேசில், ஜப்பான் என்று அழைப்பு வந்தது. இவனுக்கு வாய்த்தது, ஏற்கெனவே மனந்திரும்பியவர்களிடம் மனந்திரும்புதலைப் பிரசங்கிக்கும் அரும்பணி. ஜோடிக்கு எல்டர் ஃபோனுவா, பசிபிக் தீவான டோங்காவின் வம்சத்துப் பிள்ளை, கதவளவு உடம்பு. ஒருவர் கண்ணில் இன்னொருவர் படாமல் இருக்கக் கூடாது என்பது விதி. ஃபோனுவா விஷயத்தில் அதை மீறுவது கடினம்.

திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள், வீட்டுக்குப் பேசும் நாள்.

"இன்னும் யாரும் ஞானஸ்நானம் எடுக்கல, அம்மா."

"பரவாயில்ல கண்ணு. பிரேசில்ல உன் பெரியப்பா பையன் ஒரு குடும்பத்தையே முழுக்கிட்டானாம். சும்மா சொன்னேன். நீ மனசத் தளர விடாத."

"உங்கம்மா இன்னும் கொஞ்சம் ஆறுதல் சொன்னா உன்ன ஆஸ்பத்திரிலதான் சேக்கணும்டா," என்றான் ஃபோனுவா.

செவ்வாயும் புதனும் கதவு கதவாகத் தட்டினார்கள். ஒரு கதவும் மூடப்படவில்லை. அதுதான் துயரம். "உள்ள வாங்க எல்டர்! எங்க பெரியவன் ஜப்பான்ல ஊழியம் பண்ணினப்ப எடுத்த படம் பாக்கறீங்களா?" பார்த்தார்கள். சாப்பிட்டார்கள். மறுபடியும் சாப்பிட்டார்கள். வழிதவறியவர் யாராவது உண்டா என்று கேட்டால், எல்லா விரலும் ஒரே வீட்டைக் காட்டின.

வியாழக்கிழமை அந்த வீட்டில் இருந்தார்கள். ஃபெருச்சி கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"தம்பி, நானும் உங்க சபையில முழுகிடலாம்னு இருக்கேன்."

ஜெப்சன் பாதி கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"காபி?" என்றான் ஃபோனுவா.

"விட்டாச்சு. மண்ட பொளக்குது. மூஞ்சி இப்படி இருக்கேன்னு பாக்காதீங்க, சந்தோஷமாத்தான் இருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "லெனோரா போனப்புறம் இந்தக் கதவத் தட்டினது உங்க ஆளுங்கதான். ஒண்ணே ஒண்ணு சொல்லு. நானும் உங்க ஆளாயிட்டா, அப்புறமும் தட்டுவாங்களா?"

"நிச்சயமா, ஐயா," என்றான் ஜெப்சன். பத்தொன்பது வயதில் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வருகிறது!

வெள்ளிக்கிழமை 'ஆன்ம மீட்பு அவசர ஒருங்கிணைப்புக் கூட்டம்' கூடியது. தலைமை, பிஷப் ஹேகாக். வாரநாளில் பல்லுக்குக் கம்பி கட்டும் மருத்துவர்.

"மகிழ்ச்சி எல்டர். ரொம்ப மகிழ்ச்சி," என்றார், துக்கம் விசாரிக்கும் குரலில்.

"ஆனா பிஷப்," என்றார் சபைப் பெண்களில் ஒருவரான சிஸ்டர் மார்வா டட்லி, "நம்ம பசங்களோட பனி அள்ளும் சேவைத் திட்டம் இருக்கே. இனிமே யார் வீட்ல அள்ளுவாங்க?"

"அவங்கவங்க வீட்ல," என்றான் ஃபோனுவா.

"அது சேவையில்ல எல்டர். வேலை."

"வியாழக்கிழம ரொட்டிய நான் யாருக்குக் கொண்டு போவேன்?" என்று இன்னொரு சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவருக்கேதான், சிஸ்டர்," என்றான் ஜெப்சன்.

அறையே அவனை இரக்கத்தோடு பார்த்தது. பிஷப் கனிவாகச் சொன்னார்: "அவசரம் வேண்டாம். நல்லா பக்குவப்படட்டும். ஒரு பத்து வருஷம்."

"அவர் காபியையே விட்டுட்டார், பிஷப்!"

"காபியையா?" என்றார் பிஷப். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெபத்தோடு கூட்டம் முடிந்தது.

சனிக்கிழமை காலை ஃபெருச்சியின் வாசலில் நடந்ததை நான் என்னவென்று புகழ்வேன்! வாழைப்பழ ரொட்டிக்கு அடியில் காபிப்பொடி. குழந்தைத் துணிப் பையில் காபிப்பொடி. ஒரு குடும்பம் வறுத்த கொட்டையோடு அரைக்கும் இயந்திரத்தையே வைத்துவிட்டுப் போயிருந்தது. வாழ்நாளில் காபி அலமாரிப் பக்கம் போகாதவர்கள், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்து ஊர்க் கடையில் 'எது நல்லா மணக்கும்?' என்று விசாரித்து வாங்கியிருக்கிறார்கள். ஓர் ஆன்மாவுக்காக இதைவிட யார் தியாகம் செய்வார்கள்? துண்டுப் பிரசுரம் மட்டும் எதிலும் இல்லை.

ஃபெருச்சி படியில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, உங்க ஆளுங்களுக்கு நான் வேண்டாம் போல."

ஜெப்சனின் காது சிவந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உபவாச ஞாயிறு. பசித்த வயிறோடு யார் வேண்டுமானாலும் மேடையேறிச் சாட்சி சொல்லலாம். அதற்கு முன் பிஷப், பிள்ளைகளுக்குப் பியானோ வாசிக்கப் புதியவர் ஒருவரின் பெயரைச் சொல்லி, "சம்மதிப்பவர்கள் வலது கையை உயர்த்தித் தெரிவிக்கலாம்," என்றார். சபையே கையை உயர்த்தியது. எங்களிடத்தில் எல்லா நியமனமும் இப்படித்தான். தூங்குகிறவர் கையும் உயரும், குழந்தைக்குப் பால் புகட்டுகிறவர் கையும் உயரும். எங்கள் ஒற்றுமைக்குக் காதுகள் தேவைப்படுவதில்லை.

ஜெப்சன் மேடையேறினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஃபெருச்சி ஐயா வாசலில் நேற்றுக் காபி வைத்தவர்கள், வலது கையை உயர்த்தித் தெரிவிக்கலாம்."

சபையே கையை உயர்த்தியது. பிஷப்பின் கைதான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருந்தது. கேட்டது என்னவென்று எங்கள் புத்திக்கு எட்டுவதற்குள், வழக்கம் தவறாமல் அவனே அடுத்ததையும் கேட்டான்: "எதிர்ப்பவர்கள்?"

கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. எங்கள் சபை வரலாற்றில் முதல் எதிர்ப்பு.

"இந்தக் கூட்டத்துலயே இந்த வாரம் காபி வாங்காதவன் நான் ஒருத்தன்தான் போலிருக்கு," என்றார் ஃபெருச்சி. "தொட்டில தண்ணி பிடி, தம்பி."

மாலையிலேயே முழுகினார். நாங்கள் அத்தனை பேரும் உருகிப் பாடினோம். இரவே பனி கொட்டியது.

மறுநாள் விடிந்தபோது, எட்டாம் வீட்டுக்கு அந்த வாரக் கடைசியில்தான் குடிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தின் வாசலில் பதினோரு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். ஃபெருச்சியின் வாசலில் இரண்டே பேர், ஊழியக்காரர்களின் வெள்ளைச் சட்டையில். இருவரும் துவைக்க வேண்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு வந்தவர்கள். எங்களைக் குறை சொல்லாதீர்கள். ஃபெருச்சி இப்போது எங்களவர் அல்லவா? எங்களவர்களுக்கு நாங்கள் ஒன்றுமே செய்யத் தேவையில்லை. அவ்வளவு அன்பு.

போய் வாருங்கள், கண்மணிகளே. உங்களிடம் திருத்துவதற்கு ஒன்றுமில்லாத நாளிலும் உங்கள் கதவை யாராவது தட்டட்டும். உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். அதில் கொதிப்பது எதுவானாலும்.