அதுவாகவே நின்றுவிட்டது

மரக்காணம் உப்பளக் கரையில் நாரை, கொக்கு, உள்ளான் என்று பல இனங்கள் வந்து இறங்குவதைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். கழுத்தில் தொங்கும் கேமராவோடு வந்து, வெயிலில் காய்ந்து, படம் எடுத்துப் போகிறார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் தங்கை மலர்கொடியின் கடைக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தால், எந்தப் பருவத்திலும் பறந்துபோகாத இனம் ஒன்றைப் பார்க்கலாம். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘ஒன்றும் செய்யாதவர்’.

மலர்கொடி லேப்டாப் பழுது பார்ப்பவள். கோட்டக்குப்பம் வரைக்கும் அவளைப்போல் ஒரு மெஷினைத் திறந்து, ஒரு ஸ்குரூ மிச்சமில்லாமல் மூடத் தெரிந்தவர் கிடையாது. அக்காவின் பெருமை என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நான் எட்டாவதோடு நின்றவள். கடையில் என் வேலை சீட்டு எழுதுவது. சீட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் ‘வந்தவர் சொன்னது’. இரண்டாவதில் ‘திறந்து பார்த்தபோது தெரிந்தது’. இரண்டும் ஒத்துப்போன சீட்டு, நான்கு வருடத்தில் மூன்று. அந்த மூன்றையும் தனியாகக் கோத்து வைத்திருக்கிறேன்.

ஒன்றும் செய்யாதவரை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார். மேசையில் வைத்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுவார், யாரோ பெற்ற பிள்ளையை யாரோ விட்டுப்போன மாதிரி. பிறகு மின்விசிறியைப் பார்ப்பார். பிறகு சொல்வார்: “நான் ஒண்ணுமே பண்ணலம்மா. அதுவா நின்னுடுச்சு.”

அவர் உலகத்தில் யாரும் எதையும் செய்வதில்லை. டீ தானாகக் கவிழ்கிறது. மேசை தானாகச் சாய்கிறது. பேரப்பிள்ளை தானாக ஏறிக் கீபோர்டின் மேல் நிற்கிறது. கிளியனூரிலிருந்து ஒருவர் வந்தார். லேப்டாப்பைத் தந்தார், கூடவே ஒரு தீப்பெட்டியையும் தந்தார். திறந்தால் எட்டு ஸ்குரூ. “நீங்க கழட்டிப் பாத்தீங்களா?” என்று மலர்கொடி கேட்டாள். “சேச்சே, அதுவா கழண்டுச்சு.” “எட்டுமா?” “எட்டும்.” ஒவ்வொரு சீட்டிலும் இதையே எழுதி எழுதி விரல் நோகிறதென்று, திண்டிவனத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்பே செய்து வாங்கிவிட்டேன்: ‘ஒன்றும் செய்யவில்லை. அதுவாகவே நின்றுவிட்டது.’ ஊதா மையில் பார்க்க அழகாகவே இருக்கிறது.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியையும் நான் கண்டது சித்திரை மாதத்தில், கார்த்திகேசன் என்பவரிடம். குத்தகைக்கு உப்பளம் எடுத்து நடத்துபவர். மகள் அஸ்வினியையும் அழைத்து வந்திருந்தார். அவள் எம்.எஸ்ஸி. கடைசி வருடம். தை மாதத்திலிருந்து தினமும் காலை மாலை அப்பாவின் பாத்திகளில் இறங்கி, உப்புத்தண்ணீரின் கனத்தைக் கண்ணாடிக் குழல் விட்டு அளந்து, லேப்டாப்பில் ஏற்றியிருக்கிறாள். வியாழக்கிழமை கல்லூரியில் அதைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் ஒரு வருடம் போச்சு. அன்று திங்கள்.

நோட்டில் எழுதி வைக்கவில்லையா என்று கேட்டேன். “இந்தக் காலத்துல யாரு நோட்டுல எழுதுவாங்கக்கா?” என்றாள். நான் எழுதுவேன். அதைச் சொல்லவில்லை.

“என்ன ஆச்சுண்ணா?” என்றாள் மலர்கொடி.

“ஒண்ணுமே ஆவலம்மா. நேத்து வரைக்கும் சூப்பரா ஓடிச்சு. காலைல பாத்தா கண்ணத் தொறக்க மாட்டேங்குது.”

ஸ்டாம்பு குத்தினேன்.

“தண்ணி பட்டுச்சா?”

“தண்ணியா? எங்க வீட்ல தண்ணியே வர்றதில்ல.”

மலர்கொடி லேப்டாப்பைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். கீபோர்டின் இடுக்கிலிருந்து பொலபொலவென்று உப்பு கொட்டியது. ஒரு வேளைச் சாம்பாருக்குப் போதும். கொட்டியதைக் கார்த்திகேசனும் எங்களோடு சேர்ந்து ஆச்சரியமாகப் பார்த்தார்.

“கடக்காத்து,” என்றார்.

“கடக்காத்துல கல்லுப்பா வரும், அண்ணா?”

இந்த இனம் உண்மையை ஒரே தடவையில் தராது. குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல் கால் கால் கரண்டியாகத் தரும். முதல் கரண்டி: லேப்டாப்பை ஒருநாள் அளத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனது உண்மைதான், வீடியோ பார்க்க. இரண்டாவது: வாய்க்கால் தண்ணீர் ‘லேசாத் தெறிச்சது’. மூன்றாவதுதான் முக்கியமானது. அவருடைய மச்சான் நனைந்த செல்போனை அரிசியில் புதைத்து வைத்துக் காப்பாற்றியவர். “அரிசியே அவ்ளோ ஈரத்த இழுக்குதுன்னா, நம்மகிட்ட இருக்கிற சரக்கு எவ்ளோ இழுக்கும்?” என்று யோசித்திருக்கிறார் மனிதர். லேப்டாப்பை ஓர் உப்பு மூட்டைக்குள் செருகி, வாயைக் கட்டி, இரண்டு நாள் வைத்திருக்கிறார்.

“அப்பா!” என்றாள் அஸ்வினி. “சார்ஜ் இல்ல, சார்ஜ் இல்லன்னு ரெண்டு நாளா சொன்னியே!”

மலர்கொடி தலையில் கைவைக்கவில்லை. அவள் அப்படிச் செய்பவள் இல்லை. ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் எடுத்து ஒரு மணி நேரம் துடைத்தாள். போர்டு பிழைத்துக்கொண்டது. ஆனால் பவர் கொடுத்ததும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. டக். டக். டக். உடனே அணைத்துவிட்டாள்.

“இது ஹார்டு டிஸ்க். உப்பால இந்தச் சத்தம் வராது. ஓடிட்டு இருக்கும்போது கீழ விழுந்திருக்கணும். எப்ப போட்டீங்கண்ணா?”

“போடலம்மா.”

“சொல்லுங்க. விழுந்திருந்தா இத இன்னொரு தடவ ஆன் பண்ணக்கூடாது. மொதல்ல டேட்டாவக் காப்பி எடுத்துட்டுத்தான் மத்ததப் பாக்கணும். விழலன்னா வேற டெஸ்ட் போடுவேன். விழுந்த டிஸ்க்குக்கு அந்த டெஸ்ட்டப் போட்டா, இருக்கிறதும் போயிடும்.”

“எம் பொண்ணு மேல சத்தியமா போடலம்மா! தண்ணி பட்டுச்சு, உப்புல வெச்சேன், பொய் சொன்னேன். போடல!”

அவர் பாவம், வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக, கேட்டதுமே உண்மையைச் சொன்னார்; நாங்கள் யாரும் நம்பவில்லை. நான் சீட்டில் ‘கீழே போட்டார்’ என்று எழுதக்கூடத் தொடங்கிவிட்டேன். கார்த்திகேசன் கண் கலங்கி நின்றார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது அவரில்லை, அஸ்வினி.

“பஸ்ல…” என்றாள். “கீழ்புத்துப்பட்டு ஸ்டாப்புல டிரைவர் பிரேக் போட்டாரு. மடியில தொறந்து வெச்சிருந்தேன். நானா போடலக்கா. அதுவா…”

மேசைமேல் இருந்த என் ஸ்டாம்பு அவள் கண்ணில் பட்டுவிட்டது.

“எப்ப?”

“ரெண்டு வாரம் ஆவுது. அப்புறமும் ஓடிச்சேன்னு விட்டுட்டேன்.”

“என்னியப் போட்டு இந்தத் திட்டு திட்டினியே, தாயீ!” என்றார் கார்த்திகேசன். அந்தக் குரலில் கோபம் கால் பங்குகூட இல்லை. எல்லாம் நிம்மதி.

மலர்கொடி டிஸ்க்கைக் கழற்றி, தன் மெஷினில் மாட்டி, சத்தம் வரும்போதெல்லாம் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி தொடங்கி, மதியம் வரைக்கும் கோப்பு கோப்பாக எடுத்தாள். பிறகு புதிய டிஸ்க்கைப் பொருத்தி விண்டோஸ் ஏற்ற ஆரம்பித்தாள். இந்தச் சடங்கில் நம் ஆளைப் பார்க்கவேண்டும். திரையில் சதவிகிதம் ஏறுகிறது. கார்த்திகேசன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். இருமல் வந்தால்கூட வாசலுக்குப் போய் இருமிவிட்டு வருகிறார். எண்பத்தேழில் அது கொஞ்சம் தயங்கியது. “நான் இங்க நிக்கிறேன், பாத்துக்கங்க,” என்றார். நூறு முடிந்து, மெஷின் தன்னை ஒருமுறை அணைத்துக்கொண்டது, அப்படித்தான் அணைக்கும். ஒரு பொருள் நிஜமாகவே தானாக நின்றதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்த அந்த மனிதர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

கோப்புகளை ஏற்றிப் பார்த்தார்கள். பத்து நாளுக்கு ஒரு கோப்பு. எல்லாம் திறந்தன. பிப்ரவரியில் ஒன்று மட்டும் திறக்கவில்லை. டிஸ்க்கில் அந்த இடம் தேய்ந்துபோயிருந்தது.

அஸ்வினி முகம் வெளுத்தது. பிறகு ஞாபகம் வந்தது: மார்ச்சில் அதுவரைக்குமான எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு, அவளுடைய பேராசிரியை வைஜெயந்தியிடம் கொடுத்திருக்கிறாள். ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள்.

“அந்தப் பென்டிரைவா?” என்றது போன். “அது கரப்ட் ஆயிருக்கும்மா. நான் எதுவும் செய்யல. சும்மாதான் இருந்துச்சு.”

நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேராசிரியையின் பின்னால் வாஷிங் மெஷின் சுற்றும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

“மேடம்,” என்றாள் அஸ்வினி மெதுவாக, “நான் லேப்டாப்ப பஸ்ல கீழ போட்டுட்டேன். எங்கப்பா அத உப்பு மூட்டைல வெச்சாரு. நீங்களும் சொல்லிடுங்க மேடம். தண்ணி பட்டுச்சா?”

அந்தப் பக்கம் வாஷிங் மெஷினை யாரோ அணைத்தார்கள்.

“சுடிதார் பாக்கெட்ல இருந்துச்சும்மா,” என்றது போன், ரொம்பச் சின்னக் குரலில். “ரெண்டு தடவ.”

“கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தீங்களா?”

“பயத்துல எடுக்கவே இல்ல. டிராயர்ல ஒளிச்சு வெச்சிருக்கேன்.”

“அப்பாடா!” என்றாள் மலர்கொடி. பவர் கொடுக்காமல் காய்ந்தது பெரும்பாலும் பிழைத்துவிடுமாம். பேராசிரியை மறுநாள் தானே கொண்டுவந்தார். பத்து நாளும் பத்திரமாக இருந்தன. சோப்பு வாசனை மட்டும் வந்தது. “காலேஜ்ல சொல்லிடாதம்மா,” என்றார். கார்த்திகேசன்தான் அவருக்கு நாற்காலி எடுத்துப்போட்டார். படித்த பெரிய மனுஷியும் நம்ம ஆள்தான் என்கிற மரியாதை அது.

வியாழக்கிழமை எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

நீங்கள் இந்த இனமில்லை, எனக்குத் தெரியும். படிக்கும்போது உங்களுக்கு வேறு யார் யாரோ ஞாபகம் வந்திருப்பார்கள்: மாமா, ஆபீஸ் நண்பர், எதிர் வீட்டுக்காரர். ஆனால் நீங்களும் என்றாவது ஒரு பொருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வரவேண்டியிருக்கும். வாருங்கள், பார்த்துக் கொடுப்பாள். இத்தனை தூரம் உங்களோடு பேசிக்கொண்டிருந்ததில் ஒன்றைக் கவனித்தேன், அதையும் கேட்டுவிடுகிறேன்: கொஞ்ச நேரமாக ஏன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? எதைக் கீழே போட்டீர்கள்?